அக்கா திறந்த பூட்டு

மலையாள நாட்டில், ஆரியசாலைக் கடைத்தெருவில் எங்களுடையது வற்றல் மிளகாய் மொத்தக் கடை. பில் போட ஒரு சாஃப்ட்வேர் வாங்கியிருந்தேன். யாரும் திருட்டுப் பிரதி எடுக்காமலிருக்க, விற்ற நிறுவனம் அதற்குள் ஒரு பூட்டு வைத்திருந்தது. என் அக்கா கணினிப் பாதுகாப்பு ஆய்வாளர். ஒருநாள் கடைக்கு வந்தவள், “இந்தப் பூட்டு மேல எனக்கு ஒரு சம்சயம். திறந்து பாக்கட்டா?” என்றாள்.

“பாரேன், அதுக்கென்ன” என்றேன்.

அவள் சந்தேகப்பட்டது சரிதான். அந்தப் பூட்டின் வழியாகவே வெளியாள் எவனும் கடைக் கணினிக்குள் புகுந்துவிடலாம். நிறுவனத்துக்குப் பலமுறை எழுதினாள், பதிலே இல்லை. கடைசியில், கடைக்காரர்கள் எச்சரிக்கையாக இருக்கட்டும் என்று இணையத்தில் ஒரு கட்டுரை எழுதினாள். உடனே நிறுவனத்தார் வழக்குப் போட்டார்கள். பூட்டை உடைத்தாள், திருட்டுப் பிரதிக்கு வழிகாட்டினாள், கட்டுரையை நீக்க வேண்டும் என்று.

நான் பயந்துபோனேன். “கட்டுரைய எடுத்துரு அக்கா. நமக்கு எதுக்கு இந்த வம்பு?”

“எடுத்தா ஓட்டை அடஞ்சிருமாடா? இந்தத் தெருவுல பாதிக் கடையில இதுதான் ஓடுது.”

எங்கள் வக்கீலம்மா பதிப்புரிமைச் சட்டத்தில் ஓரிடத்தைக் காட்டினார். கணினியின் உரிமையாளர் அனுமதித்தால், அதன் பாதுகாப்பைச் சோதிக்கப் பூட்டைத் திறக்கலாம்.

“அனுமதி தந்தது ஆரு?” என்று கேட்டார்.

“நாந்தான்.”

சொல்லும்போதே எனக்கு உடம்பு சிலிர்த்தது. கல்லாவில் உட்கார்ந்து போகிறபோக்கில் சொன்ன ஒரு வார்த்தை. அதற்கு எங்களை அறியாத யாரோ சட்டத்துக்குள் இடம் ஒதுக்கி வைத்திருக்கிறார்கள்!

வஞ்சியூர் கோர்ட்டில் எதிர்த்தரப்பு வக்கீல் அக்காவைத் திருடி என்றே சொன்னார். அவள் அசையவில்லை. கணினி என்னுடையதுதானா என்று நீதிபதி மலையாளத்தில் கேட்டார்: “கம்ப்யூட்டர் நிங்ஙளுடேதாணோ?”

“அதே” என்றேன், ஆமாம் என்று.

“திறக்க சம்மதிச்சோ?”

“சம்மதிச்சு.”

வழக்கு முடியும்வரை கட்டுரையை நீக்கச் சொல்ல முடியாது என்று நீதிபதி தீர்த்துச் சொல்லிவிட்டார்.

வெளியே டீக்கடையில் அக்காவால் கிளாஸைப் பிடிக்க முடியவில்லை. கை அப்படி நடுங்கியது. நான் வாங்கிப் பிடித்துக்கொண்டேன்.

“பயமே இல்லாம நின்னியேக்கா!”

“ஆருக்குடா பயமில்ல?”

அவளை அன்றுதான் முதன்முதலாகப் பார்ப்பதுபோல் இருந்தது. இந்தப் பயத்தை வைத்துக்கொண்டா இத்தனை மாதம் நின்றாள்?

பிறகு நிறுவனம் வழக்கைத் திரும்பப் பெற்றது. ஓட்டையைச் சத்தமில்லாமல் அடைத்தது. அன்று காலை பக்கத்துக் கடைக்காரர் வந்து, “ஏதோ அப்டேட்டாம், பில் போட முடியாம யாவாரமே கெட்டுப்போச்சு” என்று அலுத்துக்கொண்டார். அக்கா, “அது முடியட்டும் மாமா, நிறுத்திராதீங்க” என்று மட்டும் சொன்னாள். அந்த அப்டேட்டே அவளால் வந்தது என்று அவர் அறியவேயில்லை.