மே மாத வெயிலில் ஒரு கம்பளி: பல்லாவரத்திலிருந்து தாம்பரம்

எங்கே நல்ல சாப்பாடு, எங்கே வண்டி நிறுத்தலாம் என்றுதான் வழக்கமாக எழுதுவேன். இது ஆஸ்பத்திரிக்குப் போன கதை. போன மே மாதம், ஒரு வியாழன் மாலை, என் அண்ணன் தாம்பரம் ஸ்டேஷன் படிக்கட்டில் மாரடைத்து விழுந்தார். ஆம்புலன்ஸ்காரர்கள் மார்பை அழுத்தி இதயத்தை ஓட வைத்துவிட்டார்கள். நினைவு மட்டும் திரும்பவில்லை.

மறுநாள் காலை அண்ணி போன் செய்தார். "தம்பி, அவர் உடம்பு ஐஸ் மாதிரி இருக்கு. ஒரு கம்பளி வாங்கிட்டு வாங்க."

பல்லாவரத்தில் வெள்ளிக்கிழமைச் சந்தை. ஓடாத மின்விசிறி முதல் நாய்க்குட்டி வரை எல்லாம் கிடைக்கும், அந்த வெயிலில் கம்பளிக்குத்தான் அரை மணி நேரம் அலைந்தேன். 350 ரூபாய். அண்ணன் இருந்த தாம்பரம் ஆஸ்பத்திரிக்கு ஏழெட்டு கிலோமீட்டர், ஆட்டோவுக்கு 250.

"இன்னா சார், வெயில் மண்டையைப் பொளக்குது, கம்பளி தூக்கினு போற?" என்றார் ஆட்டோக்காரர்.

சொன்னேன். அவர் வண்டியில் ஓடிக்கொண்டிருந்த பாட்டை நிறுத்திவிட்டார். "ஒண்ணும் ஆவாது சார், வந்துடுவாரு."

ஐ.சி.யூ.வில் அண்ணி கம்பளியைக் கழுத்துவரை போர்த்தி, அண்ணனின் உள்ளங்காலைத் தேய்க்க ஆரம்பித்தார். நர்ஸ் ஓடி வந்தார். "அய்யோ அக்கா, எடுங்க! நாங்கதான் குளிர வச்சிருக்கோம்!"

டாக்டர் பொறுமையாகச் சொன்னார். "ரத்தம் போகாம மூளை அடி வாங்கியிருக்கும்மா. இப்ப சூடு ஏறினா இன்னும் கெடும். ஒரு நாள் குளிர்ல வச்சு, அப்புறம் மெல்ல மெல்ல சூடாக்குவோம். எழுந்தா பழைய மனுஷனா எழணும், அதுக்குத்தான்."

"செத்தவங்க உடம்புதான் சார் இப்படிச் சில்லுன்னு இருக்கும். நான் எப்படிப் பார்த்துக்கிட்டு நிக்கிறது?" என்றார் அண்ணி. டாக்டர் கம்பளியை மடித்து என்னிடம் கொடுத்தார்.

இப்படி ஒரு நிலைமையில் போகிறவர்களுக்குச் சொல்கிறேன்: உடம்பைத் தொட்டுப் பயப்படாதீர்கள், போர்த்துவதற்கு முன் கேளுங்கள். காத்திருக்கும் இடத்திலும் ஏசிதான், ஸ்வெட்டர் உங்களுக்கு எடுத்துப் போங்கள். அதைவிட முக்கியம், மார்பை அழுத்தக் கற்றுக்கொள்ளுங்கள். ஆம்புலன்ஸ் வரும்வரை அண்ணனைச் சுற்றி அத்தனை பேர் நின்றும் ஒருவருக்கும் அது தெரியவில்லை. மூளைக்கு ரத்தம் போகாத அந்த நிமிடங்களை எந்தக் குளிரும் திருப்பித் தராது.

அண்ணன் வீட்டுக்கு வந்துவிட்டார். நடக்கிறார், நன்றாகச் சாப்பிடுகிறார். அண்ணியை நர்ஸ் என்று நினைத்து, "சிஸ்டர், என் வீட்ல யாரும் பார்க்க வரலையா?" என்று தினமும் கேட்கிறார்.

"வருவாங்க சார்" என்கிறார் அண்ணி.