புருணையில் பதியப் போன கதை

போன கிழமை வவுனியாவிலிருந்து கிளிநொச்சிக்கு பஸ்சில் வந்துகொண்டிருந்தேன். யுத்த காலத்தில் சோதனைச் சாவடி இருந்த ஓமந்தையைத் தாண்டும்போது என் கை தன்பாட்டில் சட்டைப் பைக்குள் போய் அடையாள அட்டையைத் தடவிப் பார்த்தது. அங்கே இப்போது இறக்கிச் சோதிக்க யாருமில்லை, பஸ்சும் வேகத்தைக் குறைப்பதில்லை. பக்கத்தில் இருந்த பிள்ளை, பல்கலைக்கழகத்தில் படிக்கிறவளாக இருக்க வேண்டும், காதில் செருகியிருந்ததைக் கழற்றிவிட்டு, "அங்கிள், ரிக்கெற்றைத் துலைச்சுப் போட்டியளோ?" என்று கேட்டாள். "இல்லைப் பிள்ளை, கிடக்குது" என்று சமாளித்தேன். அவளுக்கு எங்கிருந்து தொடங்கி விளங்கப்படுத்துவது? கடல் கடந்து ஒரு பணக்கார நாட்டுக்குப் போயும் இந்தக் கை தன் குணத்தைக் காட்டியது. அதை உங்களுக்காவது சொல்லிவிடுகிறேன்.

யுத்தம் முடிந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. நான் கிளிநொச்சியில் ஒரு கந்தோரில் எழுதுவினைஞன். விசுவமடுவில் ஒன்றாம் வகுப்பிலிருந்தே என்னோடு ஒரே வாங்கில் இருந்து படித்த செல்வன், வெல்டிங் பழகிப் புருணைக்குப் போயிருந்தான். தகப்பன் இல்லாத வீடு, தாயும் தங்கையும்தான். அவர்கள் கட்டத் தொடங்கிய வீட்டின் சுவர் யன்னல் மட்டத்துக்கு எழும்பி, மிச்சத்துக்கு அவனுடைய உழைப்பைப் பார்த்துக்கொண்டு நின்றது.

"மச்சான், ஒருக்கா வாடா. சாப்பாடும் படுக்கையும் என்ரை பொறுப்பு" என்று போனில் சொன்னான். எனக்கோ அதுவரை விமானத்தை அண்ணாந்து பார்த்துத்தான் பழக்கம், அதுவும் பதுங்குகுழி வாசலில் நின்று. போகத்தான் வேண்டும் என்று ஆசை வந்துவிட்டது.

விசாவுக்கு ஒரு விடுதியில் அறை எடுத்ததாகக் காட்ட வேண்டும் என்றார்கள். காட்டினேன். விசா வந்ததும் அந்த அறையை வேண்டாமென்று விட்டுவிட்டேன். கையில் காசில்லாமல் ஊர் பார்க்கப் போகிறவர்கள் எல்லாரும் செய்கிற வேலைதான் அது என்றான் செல்வன்.

புருணை விமான நிலையத்தில் ஒருவரும் கேட்காமலே பையைத் திறந்து, செல்வனின் அம்மா தந்துவிட்ட மிளகாய்த்தூள் பொட்டலத்தைத் தூக்கிக் காட்டினேன். அதிகாரி தும்மிவிட்டு, மூடிக்கொண்டு போகச் சொல்லிக் கையைக் காட்டினார். அவ்வளவுதான் சோதனை! எனக்கு நிம்மதி வரவில்லை. இவ்வளவு சுலபமாக விடுகிறார்கள் என்றால் முன்னுக்கு எங்கேயோ மறித்துப் பிடிக்கப் போகிறார்கள் என்றுதான் தோன்றியது.

செல்வன் இருந்தது கம்பனி கொடுத்த அறையில், இன்னும் மூன்று பேரோடு. வெளியாட்கள் தங்கக் கூடாது என்று கதவிலேயே ஒட்டியிருந்தது. "அது சும்மா ஒட்டினது. ஒருத்தரும் வந்து பாக்கிறேல்லை" என்றான். அவனுடைய வேலை அனுமதி அடுத்த மாதம் முடிகிறது, இன்னும் இரண்டு வருடம் புதுப்பித்துவிட்டால் வீடும் முடியும், தங்கையையும் கரை சேர்க்கலாம் என்று படுக்கையில் கிடந்து கணக்குச் சொன்னான். எனக்கு அந்தக் கதவு ஒட்டுத்தாள்தான் கண்ணுக்குள் நின்றது.

காலையில் அவன் வேலைக்குப் போய்விட, நான் நடந்து ஊர் பார்த்தேன். அந்த நாட்டில் நடந்து போகிறவன் நான் ஒருவன்தான் என்று நினைக்கிறேன். எல்லாரும் காரில் போனார்கள். நான் வீதியோரம் நின்றாலே கார்கள் நின்று வழிவிட்டன. கடப்பதா விடுவதா என்று தெரியாமல் ஒவ்வொரு காருக்கும் கும்பிட்டுவிட்டுக் கடந்தேன். தங்கக் கூரை போட்ட பள்ளிவாசல், அதற்குக் கொஞ்சம் தள்ளி ஆற்றுக்குள் மரக்கால்களில் நிற்கிற ஒரு முழு ஊர், அந்த வீட்டுக்காரர்களின் கார்கள் கரையில் வரிசையாக. சோறும் பொரித்த கோழியும் சம்பலும் மண்ணிறத் தாளில் சுற்றி ஒரு டொலருக்குத் தந்தார்கள். அந்தச் சம்பலின் வாசத்துக்கு மட்டும் நெஞ்சு கொஞ்சம் இளகியது. மற்றபடி அழகுதான், துப்புரவுதான். ஆனால் ஒரு இடத்திலாவது யாராவது மறித்து "எங்கை போறாய்?" என்று கேட்டிருந்தால் எனக்கு மூச்சு வந்திருக்கும்.

எங்கள் ஆட்களுக்கு நன்றாகத் தெரிந்த சட்டம் ஒன்று உண்டு. வேறிடத்தில் படுத்தால் பதிய வேண்டும். வவுனியாவில் தங்கப் பாஸ், கொழும்பில் லொட்ஜில் தங்கினால் பொலிஸ் பதிவு. பதியாமல் பிடிபட்டவனின் கதியைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாங்கள். பதிந்த துண்டு சட்டைப் பையில் இருந்தால்தான் நித்திரையே வரும். விசாவில் காட்டியது ஒரு இடம், படுக்கிறது இன்னொரு இடம். மூன்றாம் நாள் காலை என் கால் தானாகவே பொலிஸ் நிலையத்துக்கு நடந்தது.

உள்ளே குளிரூட்டி, கதிரை, தேநீர். பொலிஸ்காரர் என்னை 'சேர்' என்றார். எனக்கு அதுவே போதும், கண் கலங்கிவிட்டது. அப்படியொரு பதிவு இங்கே இல்லை, நீங்கள் போகலாம் என்று சொன்னார். நான் விடவில்லை. ஒரு துண்டாவது தாருங்கள் என்று என் உடைந்த ஆங்கிலத்தில் மன்றாடி, செல்வனின் பெயர், கம்பனிப் பெயர், அறை இலக்கம் எல்லாம் எழுதிய தாளை நீட்டினேன். நான் வழி தவறிய ஆள் என்று அந்த மனிதர் நினைத்துவிட்டார். முகம் மலர, தொலைபேசியை எடுத்துக் கம்பனிக்கே அழைத்தார்.

கால் மணித்தியாலத்தில் கம்பனி வான் வந்தது. மேற்பார்வையாளர் இறங்கி, பொலிஸ்காரருக்கு நன்றி சொல்லி, என்னைப் பின்னுக்கு ஏற்றினார். உதவி செய்த சந்தோஷத்தில் பொலிஸ்காரர் வாசலில் நின்று கை காட்டிக்கொண்டிருந்தார்.

பின்னேரம் செல்வன் வந்து கட்டிலில் இருந்தான்.

"ஆரடா உன்னைக் கேட்டது?"

"ஒருத்தரும் கேக்கேல்லை. கேக்க முதல் சொல்லுவம் எண்டுதான்..."

அவன் சப்பாத்தைக் கூடக் கழற்றாமல் எழும்பி என் பையை அடுக்கத் தொடங்கினான். மிச்ச இரண்டு நாளும் ஒரு மலிவான அறையில் கிடந்தேன். அந்த நாட்களில் என்ன பார்த்தேன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. வெள்ளிக்கிழமை மத்தியானம் தொழுகைக்காகக் கடைகள் எல்லாம் பூட்டப்பட, பசியோடு ஆற்றங்கரையில் இருந்து அவனுடைய அழைப்புக்குக் காத்திருந்தது மட்டும் நினைவிருக்கிறது.

அடுத்த மாதம் அவனுடைய அனுமதியைப் புதுப்பிக்கவில்லை. வேலை குறைந்துவிட்டதாம். அவனோடு இன்னும் மூன்று பேரையும் அனுப்பினார்கள். அந்த மூன்று பேரை நினைத்து, என்னால் இல்லை என்று நான் எத்தனை தரம் மனதைத் தேற்றியிருப்பேன்! மூன்று பேரும் அவனுடைய அறைக்காரர்தான் என்று ஒரு வருடம் கழித்து அவனுடைய தங்கை வாய்தவறிச் சொன்னாள்.

அவன் அதை என்னிடம் சொன்னதில்லை. ஏழாம் வகுப்பில் அவனுடைய சைக்கிளை வாய்க்காலுக்குள் விட்டதற்கு விசுவமடுச் சந்தியே கேட்க என்னை ஏசினவன் அவன். பேனையைத் திருப்பிக் கொடுக்க மறந்தாலும் அப்பன் பாட்டன் வரைக்கும் இழுப்பான். ஏசி முடிந்ததும் 'வாடா' என்று தோளில் கையைப் போட்டுக்கொண்டு வருவான். இதற்கு மட்டும் ஒரு சொல் ஏசவில்லை.

இப்போது மாங்குளத்தில் ரோட்டோரம் ஒரு கொட்டில் போட்டு இரும்புக் கேற் ஒட்டிக் கொடுக்கிறான். நான் போனால் வேலையை நிறுத்தி, கதிரையைத் துடைத்துப் போட்டு, கடைக்கு ஆள் அனுப்புகிறான். போன முறை எனக்குப் பொறுக்கவில்லை.

"செல்வன், அண்டைக்கு நான் பொலிசுக்குப் போனது பிழையடா. என்னை நாலு வார்த்தை ஏசன்" என்றேன்.

அவன் ஒரு கம்பியை எடுத்து நீளம் பார்த்தான்.

"அதையெல்லாம் விடுங்கோ. தேத்தண்ணி ஆறப் போகுது, குடியுங்கோ" என்றான்.