செல்வராணி எல்லோரையும் அழைத்தாள்

ஞாயிறு மதியம் செம்பூரில் எங்கள் சிறிய டாட்டூ கடையில் ஒருவருடைய முதுகில் வேலை செய்துகொண்டிருந்தபோது என் போன் மூன்று முறை அடித்து ஓய்ந்தது. கையுறையோடு போனைத் தொடக் கூடாது என்பது என்னோடு கடையில் இருந்த தோழி செல்வராணி வைத்த சட்டம். மெஷினை நிறுத்தி, கையுறையைக் கழற்றி, சோப்புப் போட்டுக் கை கழுவிய பிறகுதான் எடுத்தேன். "உஷாக்கா, அக்கா போயிட்டா" என்றான் அவள் தம்பி. ராணிக்கு வயது நாற்பத்து மூன்று. ஈரலில் புற்றுநோய்.

மறுநாள் தாராவியில் அவள் வீட்டு வாசலில் சவப்பெட்டி இருந்தது. அதற்கு நாலடி தள்ளி, அந்த வீட்டுத் தேநீரைக் குடித்தபடியே இரண்டு பெண்கள் பேசினார்கள். "ஈரலு போச்சுன்னா குடிதாம்ட்டி. வேற எதுக்குப் போவும்?" "குடியோ, என்னமோ. கண்ட ஆம்பளைக்கெல்லாம் பச்ச குத்துனவதான?" ராணி ஒரு சொட்டுக் குடித்தவள் இல்லை. சர்ச் பாடகர் குழுவில் அவளோடு நின்று பாடிய உங்களுக்கு இது தெரியும். தெரிந்தும் அன்றைக்கு யாரும் வாயைத் திறக்கவில்லை; நானும்தான். அதனால் இப்போது எழுதுகிறேன்.

மாட்டுங்காவிலிருந்து நானும் தாராவியிலிருந்து அவளும் வந்து தொழில் பழகியது செம்பூரிலேயே வேறொரு பழைய கடையில். முன்னறையில் ஏசி, பெரிய கண்ணாடி, ஊதுபத்தி வாசனை. பின்னறையில் ஒரு பிளாஸ்டிக் வாளி. பயன்படுத்திய ஊசிகள் அதில் ரத்தமும் மையும் கலந்த தண்ணீரில் ஊறும். சாயங்காலம் கொஞ்சம் வெந்நீர் காட்டி மறுநாளைக்கு எடுத்து வைப்பார்கள். ஒருவருக்குத் தொட்டு மிஞ்சிய மையை முதலாளி வீணாக்க விடமாட்டார். திரும்பப் புட்டிக்குள் ஊற்றச் சொல்வார். ஒருவர் ரத்தத்தைத் துடைத்த துணிதான் அடுத்தவர் படுக்கும் மேசையையும் துடைக்கும். அந்த அறையில் உட்கார்ந்து டப்பா திறந்து நாங்கள் சாப்பிட்டோம்.

ஒரு நாள் வாளிக்குள் கை விட்ட ராணியின் உள்ளங்கையில் ஊசி ஏறிவிட்டது. "குச் நஹி ஹோதா" என்றார் முதலாளி. ஒன்றும் ஆகாதாம். ஹெபடைடிஸ் பி என்று ஒன்று ரத்தத்தின் வழியே பரவும், ஈரலைக் கெடுத்துப் புற்றுநோய்வரை கொண்டுபோகும், அதற்கு மூன்று தவணைத் தடுப்பூசி இருக்கிறது என்று எங்களுக்கு யாரும் சொல்லவில்லை. அவர் தனக்கு மட்டும் முன்பே அதைப் போட்டுக்கொண்டார் என்பது பின்னால்தான் தெரிந்தது.

சில வருடங்கள் கழித்து, சர்ச்சில் நடந்த ரத்ததான முகாமில் அவள் ரத்தம் கொடுத்தாள். பத்து நாளில் ரத்த வங்கியிலிருந்து கூப்பிட்டார்கள். ஹெபடைடிஸ் பி. அவள் அம்மாவுக்கும் தம்பிக்கும் சோதித்துப் பார்த்தார்கள், இல்லை. அந்த வாளிதான் காரணம் என்று எந்த டாக்டரும் சத்தியம் செய்ய முடியாது. எனக்குச் சந்தேகமில்லை.

அன்றைக்கே மெஷினைக் கீழே வைத்தாள். என்னை இழுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனாள். எனக்கு இல்லை என்று வந்ததும், "இல்லன்னு சொல்லிட்டாங்கல்லா? சிரிச்சுட்டு நிக்காத. மொத ஊசிய இன்னைக்கே போடு" என்றாள். மூன்றாவது ஊசி போடும்வரை ஆறு மாதம் விடவில்லை. அவளுக்கு அந்த ஊசியால் இனிப் பயனில்லை.

ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பிய அன்றே கடையின் பதிவு நோட்டுகளை எடுத்தாள். "நான் குத்துன ஆளுக்கெல்லாம் போன் பண்ணப் போறேன்."

"பைத்தியமாடி நோக்கு? யாருக்கும் தெரியாது. பேசாம இருந்துடு."

"அவங்க வீட்ல பிள்ளைங்க இருக்கும்லாட்டி. எனக்குச் சொல்ல ஒரு ஆளு இருந்துச்சு. அவங்களுக்கு யாரு சொல்லுவா?"

பேசாமல் இரு என்று சொன்னவள் நான். அதை இங்கே எழுதக் கூசுகிறது.

விஷயம் தெரிந்த முதலாளி அன்று மாலையே அவளை வேலையை விட்டு அனுப்பினார். நோட்டுப் பக்கங்களை அவள் அதற்குள் போனில் படம் பிடித்திருந்தாள். கிங்ஸ் சர்க்கிள் பூங்காவில் உட்கார்ந்து மாலைதோறும் அழைத்தாள். ஒருவர் அவள் தாயைச் சேர்த்துத் திட்டினார். ஒருவர் போலீசுக்குப் போவேன் என்றார். இன்னொருவர், இந்த வியாதி வேறு வழியிலும் வருமே, எத்தனை பேரோடு போனாய் என்று கேட்டுச் சிரித்தார். அவள் ஒவ்வொருவரிடமும் கடைசியில் ஒரே வாக்கியம் சொன்னாள்: "திட்டிக்கிடுங்க சார், ஆனா டெஸ்ட் பண்ணிருங்க."

முலுண்டிலிருந்து ஓர் ஆபீஸ்காரர் மட்டும் இரண்டு நாள் கழித்துத் திரும்ப அழைத்தார். அவருக்கு இருந்தது. மனைவிக்கு இல்லை. அந்தப் பெண்மணியின் மூன்று ஊசிகளுக்கும் ராணியும் கூடப் போனாள். அந்த ஆபீஸ்காரர் இன்று மருந்தோடு நன்றாக இருக்கிறார். அடக்கத்தன்று கல்லறைத் தோட்டத்தில் ஓரமாக நின்று அழுதவர் அவர்தான். பழைய முதலாளி பெரிய மலர்வளையம் அனுப்பியிருந்தார். தம்பி அதைப் பெட்டிக்குப் பக்கத்தில் வைக்கவில்லை. தூக்கிக் குப்பைத்தொட்டியில் போட்டான். இந்த ஒன்றுதான் அன்று என் மனதுக்கு ஆறுதல்.

ராணியை வேலையை விட்டு அனுப்பிய பின் நானும் அந்தப் பழைய கடையை விட்டு வந்து இந்தக் கடையைத் தொடங்கினேன். ராணி படம் வரைந்தாள், கருவிகளைச் சுத்தம் செய்தாள். மனிதத் தோலை மறுபடி தொடவில்லை. "கண்ணுக்குச் சுத்தமா இருக்கதெல்லாம் சுத்தமில்லட்டி" என்று சொல்லிக்கொண்டே மேசையைத் துடைப்பாள். வருகிறவர்களுக்கு முன்னாலேயே ஊசிப் பொட்டலத்தைப் பிரிக்கச் சொல்வாள். தடுப்பூசி போட்டிருக்கிறீர்களா என்று கேட்டதற்கு முகம் சுளித்துப் போனவர்கள் பலர். போகட்டும் என்பாள்.

அவளுடைய பட்டியலில் போனை எடுக்காத எண்கள் மிச்சமிருக்கின்றன. கடைசி நாட்களில் அவளுக்குப் பேசக்கூட மூச்சு இல்லை. அவளிடமிருந்து நான் வைத்துக்கொண்டது அந்த மிச்சத்தைத்தான். நேற்று முதல் எண்ணை அழைத்தேன். ஒரு பெண் எடுத்தாள். யார், எந்தக் கடை, எதற்காக என்று சொன்னேன். "இத்தனை வருஷம் கழிச்சா வந்து சொல்றே?" என்று ஆரம்பித்து வாய்க்கு வந்தபடி திட்டினாள். நடுவில் நிறுத்தாமல் முழுவதும் கேட்டேன். டெஸ்ட் பண்ணிவிடுங்கள் என்று சொல்லிவிட்டு, அடுத்த எண்ணை அழுத்தினேன்.