என் கை, வெம்பக்கோட்டை

ஏஐ ஓவியக் கண்காட்சிக்கு எங்கள் பக்கத்துக் கலைஞர்களை அழைத்துத் தரும்படி ஒருவர் என்னிடம் கேட்டபோது முதலில் சிரிப்பு வந்தது. அப்புறம் எரிச்சல் வந்தது. சிரிப்பு அன்றைக்கே போய்விட்டது, எரிச்சல் மட்டும் இன்றுவரை போகவில்லை.

நான் சிவகாசியில் ஓர் ஆப்செட் அச்சகத்தில் டிசைன் வேலை பார்க்கிறேன். பட்டாசுப் பெட்டிகளுக்கு லேபிள், சீசன் முடிந்தால் காலண்டர். முன்பு எங்கள் அறையில் கையால் படம் போடுகிறவர்கள் இருந்தார்கள். இப்போது முதலாளி கம்ப்யூட்டரில் நாலு வார்த்தை தட்டினால் போதும், கம்பி மத்தாப்பு பிடித்த பிள்ளை பல்லைக் காட்டிக்கொண்டு வந்து நிற்கிறது. அந்தப் பிள்ளையின் விரல்களை எண்ணுவது என் வேலை. ஆறு இருந்தால் ஒன்றை வெட்டுவேன், நாலு இருந்தால் ஒன்றை ஒட்டுவேன். முதலாளி இதற்கு 'பைனல் டச்' என்று பெயர் வைத்திருக்கிறார். ஊரில் யாரும் கேட்டால் டிசைனர் என்று சொல்லிக்கொள்கிறேன்.

கேட்டவர் சென்னைக்காரர். எங்களிடம் ஒருமுறை காலண்டர் அடிக்க வந்த பழக்கம். கண்காட்சி முழுக்க இணையத்தில்தான் நடக்கும், யாரும் எங்கேயும் போகவேண்டியதில்லை. தலைப்பு 'இயந்திரமும் நானும்'. ஏஐயை வைத்தும் வரையலாம், ஏஐயை நினைத்துக் கையாலும் வரையலாம். அனுப்பிய அழைப்பில் 'சிறிய ஊர்களின் குரல்' என்று மூன்று இடத்தில் எழுதியிருந்தார். எங்கள் குரல் இத்தனை நாள் எங்கே போயிருந்தது என்று அவரைக் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை, சரி என்றுவிட்டேன். சென்னையிலிருந்து ஒருவர் 'சார்' போட்டுப் பேசினால் நமக்கு உடனே மனசு இளகிவிடுகிறது.

அழைப்பை ஒவ்வொருவருக்கும் அனுப்பினேன். என் பக்கத்து மேசையில் உட்கார்ந்து படம் போட்டவர் இப்போது விருதுநகரில் செல்போன் கடையில் நிற்கிறார். அவர் போனில் கூப்பிட்டே திட்டினார். வீட்டைக் காலி பண்ணச் சொன்னவனே புதுவீட்டு விசேஷத்துக்குப் பத்திரிகையும் வைக்கிறானா என்று கேட்டார். மல்லாங்கிணறில் சுவர் விளம்பரம் எழுதுகிறவர் பஸ் காசு தருவார்களா என்றார். போகவே வேண்டாம், எல்லாம் போனில்தான் என்றேன். அப்படியானால் சாப்பாடும் கிடையாது என்று சொல்லி வைத்துவிட்டார். மற்றவர்கள் பார்த்ததற்கு அடையாளமாக நீல டிக் மட்டும் வந்தது.

இதையெல்லாம் ஒருநாள் எம். புதுப்பட்டியில் அண்ணன் வீட்டில் சாப்பிடும்போது புலம்பிக்கொண்டிருந்தேன். குழம்பு ஊற்ற வந்த மதினி கரண்டியோடு அப்படியே நின்றுவிட்டார்.

மதினியைப் பற்றிச் சொல்ல வேண்டும். வெம்பக்கோட்டைப் பக்கம் ஒரு பட்டாசு ஆலையில் திரி செருகும் வேலையில் இருந்தவர். அடுத்த அறையில் மருந்து வெடித்தபோது தலைக்கு மேலே கூரை போய்விட்டது. மதினி பிழைத்தார். வலது கையில் சுண்டுவிரலும் மோதிர விரலும் போயின. ஆட்காட்டி விரலும் நடுவிரலும் ஒட்டி ஒன்றாகிவிட்டன. ஆஸ்பத்திரியில் இடது கையால் எழுதிப் பழகச் சொன்னார்கள். அ, ஆ என்று திரும்பத் திரும்ப எழுதி அலுத்துப்போய், பக்கத்தில் இருந்த செம்பை வரைந்தார். அதிலிருந்து பிடித்துக்கொண்டது. அச்சகத்தில் கலர் பிசகிய தாள்களை நான் கொண்டுவந்து கொடுப்பேன். அவற்றின் பின்பக்கத்தில் செருப்பு, கேஸ் அடுப்பு, வாயைப் பிளந்து தூங்கும் அண்ணன் என்று கண்ணில் பட்டதையெல்லாம் வரைந்தார். அண்ணன் தன் படத்தை மட்டும் கிழிக்கச் சொன்னார். மதினி அதை ஹாலில் ஒட்டினார்.

மதினிக்குத் தன் படங்களைப் பற்றிப் பெருமை உண்டு. நன்றாக இருக்கிறது என்று சொன்னால் போதாது, எந்த இடம் நன்றாக இருக்கிறது என்று சொல்ல வேண்டும். ஆனால் வெளியிடங்களுக்குப் போய் நாலு பேர் முன்னால் கையை நீட்டப் பிடிக்காது.

"நேர்ல போக வேண்டாம்ல?" என்று கேட்டார்.

வேண்டாம் என்றேன்.

"படத்துக்குக் கீழ பேரு போடுவாகளா? முழுப்பேரும்?"

போடுவார்கள் என்று சொன்னேன். அந்தக் கேள்வி எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். வெடிவிபத்து மறுநாள் பேப்பரில் வந்தது. ஆலை பெயர் வந்தது, பார்வையிட வந்தவர்கள் பெயரெல்லாம் வந்தது. மதினி 'மேலும் ஒரு பெண் தொழிலாளி' என்று வந்திருந்தார். அந்தத் துண்டைப் பார்த்துவிட்டு, நாலு எழுத்துப் பேரை அச்சடிக்க அவர்களுக்கு மை இல்லாமல் போயிற்றா என்று என்னிடம்தான் கேட்டார். அன்றுவரை அவர் பெயர் எதிலும் அச்சாகியிருக்கவில்லை, ரேஷன் கார்டைத் தவிர.

ஏஐ எப்படிப் படம் போடுகிறது என்று காட்டச் சொன்னார். 'பட்டாசு ஆலையில் வேலை செய்யும் பெண்' என்று என் போனில் தட்டினேன். பட்டுச்சேலை கட்டி, தலை நிறையப் பூ வைத்து, ஒரு பெண் சிரித்துக்கொண்டு வந்தாள். பக்கத்தில் குத்துவிளக்கு எரிந்தது. பட்டாசு ஆலைக்குள்ளே விளக்கு ஏற்றி வைத்திருக்கிறாள், இவளுக்கு ஃபோர்மேன் யார் என்று கேட்டு அண்ணன் விழுந்து விழுந்து சிரித்தார். மதினி சிரிக்கவில்லை. அந்தப் பெண்ணின் கையைப் பெரிதாக்கிக் காட்டச் சொன்னார். "எம்புட்டு வழவழன்னு இருக்கு," என்றார்.

மறுநாளே தன் வலது கையை வரைய ஆரம்பித்தார். வேலையெல்லாம் முடித்து மத்தியானத்தில், வலது கையை மேசையில் வைத்துக்கொண்டு இடது கையால் வரைவார். ஒட்டிய விரல்களுக்கு நடுவே ஓடும் தழும்பை அழித்து அழித்துப் போட்டார். நகம் இல்லாத இடத்தின் பளபளப்பு சரியாக வரும்வரை என்னை மூன்று விதமான சிவப்பு வாங்கிவரச் செய்தார். முடிந்ததும் பார்த்தேன். உண்மையாகவே சொல்கிறேன், எங்கள் அறையில் இருந்த யாரும் ஒரு கையை அப்படி வரைந்ததில்லை. தாளின் மறுபக்கம் ஒரு கம்பி மத்தாப்பு லேபிள். அதில் சிரித்த பிள்ளைக்கு ஐந்தாவது விரல் ஒட்டியது நான்தான்.

அனுப்பும்போது படத்தைப் பற்றிச் சில வரிகள் கேட்டிருந்தார்கள். "என் கை, வெம்பக்கோட்டைன்னு போடுங்க," என்றார் மதினி. அதற்குமேல் என்ன வேண்டும் என்றுதான் எனக்கும் தோன்றியது. எங்கள் பக்கத்தில் இப்படி ஒரு கையைப் பார்த்தால் என்ன ஆயிற்று என்று யாரும் கேட்பதில்லை. பஸ்ஸில் பக்கத்தில் உட்காருகிறவர் பார்ப்பார், பிறகு எந்தக் கம்பெனி என்று மட்டும் கேட்பார். ஊர்ப்பெயரைச் சொன்னால் அவருக்கு மிச்சமெல்லாம் விளங்கிவிடும். டீக்கடையில் கிளாஸை இடது கைப்பக்கம் தள்ளி வைப்பார்கள். 'கையால் வரைந்தது' என்பதில் டிக் போட்டேன். பெயரில் இனிஷியல் சரியா என்று மதினி ஒன்றுக்கு இரண்டு தரம் பார்த்தார். அனுப்பிவிட்டோம்.

கண்காட்சி ஒரு ஞாயிற்றுக்கிழமை திறந்தது. மதினி தெருவெல்லாம் சொல்லி வைத்திருந்தார். போனில் பார்க்கப்போவது படத்தைத்தான் என்றாலும் தலைக்குக் குளித்து நல்ல சேலை கட்டியிருந்தார். அக்கம்பக்கத்துப் பெண்கள் வந்து உட்கார்ந்தார்கள். அண்ணன் அன்றைக்கு லாரியில் லோடுக்குப் போகவில்லை. நான் தேட ஆரம்பித்தேன். கையால் வரைந்த படங்களின் பகுதியில் இல்லை. இரண்டாம் முறை பார்த்தும் இல்லை. கடைசியில் வேறொரு பகுதியில் இருந்தது. அந்தப் பகுதிக்கு 'இயந்திரத்தின் தடுமாற்றங்கள்' என்று தலைப்பு. படத்துக்குக் கீழே மதினியின் முழுப்பெயர், இனிஷியல் பிசகாமல். அதற்கும் கீழே 'ஏஐ கருவியால் உருவாக்கப்பட்டது'.

பெண்கள் பெயரைப் பார்த்துக் கைதட்டினார்கள். மதினி போனை வாங்கி விரலால் தள்ளிப் பார்த்தார். படத்தின் அடியில் கண்ணீர் வரச் சிரிக்கும் மஞ்சள் முகங்கள் வரிசையாக இருந்தன. எழுத்தெல்லாம் ஆங்கிலம். மதினிக்கு அது வாசிக்க வராது, ஆனால் சிரிப்பு தெரியும்.

"எதுக்குத் தம்பி சிரிக்கிறாக?"

சும்மா, பிடித்திருப்பதால் என்று சொல்லிப் பார்த்தேன். என் முகத்தைப் பார்த்துக்கொண்டே போனை என்னிடம் நீட்டினார். வாசிங்க என்றார். வாசித்தேன். பாவம், இந்த ஏஐக்கு இன்னும் விரல் எண்ண வரவில்லை என்று ஒருவர். கையா, உருகிய மெழுகா என்று ஒருவர். இதனாலெல்லாம் நம் வேலை போகாது, பயப்படாதீர்கள் என்று இன்னொருவர். அதற்குத்தான் சிரிப்பு முகங்கள் அதிகம். பெண்கள் ஒவ்வொருவராக அடுப்பில் சோறு கிடக்கிறது என்று எழுந்து போனார்கள்.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. விரல் எண்ணிச் சம்பளம் வாங்குகிறவன் நான். இப்படிச் சிரிப்பார்கள் என்று எனக்குத் தோன்றியிருக்க வேண்டும். தோன்றவில்லை. எனக்கு அது மதினியின் கை, அவ்வளவுதான்.

சென்னைக்காரருக்குப் போன் போட்டேன். நடுவர்களுக்குச் சந்தேகம் வந்ததாம். ஏஐயில் போட்டுவிட்டுக் கையால் வரைந்ததாகச் சொல்கிறவர்கள் பெருகிவிட்டார்களாம். எங்களைச் சங்கடப்படுத்த வேண்டாமென்று, ஒன்றும் கேட்காமல் பெருந்தன்மையாக வேறு பகுதிக்கு மாற்றிவிட்டார்களாம். மதினி பொய் சொன்னார் என்று முடிவு செய்து, அதை மன்னித்தும் விட்டார்கள். நான் விபத்தைச் சொன்னேன். மன்னிப்புக் கேட்டார். கொஞ்சம் யோசித்தார். அப்புறம் அவர் குரல் மாறியது. அதில் சந்தோஷம் வந்துவிட்டது. சார், இது படத்தைவிடப் பெரிய விஷயம் என்றார். அந்த அம்மா தன் கையைப் படத்துக்குப் பக்கத்தில் தூக்கிப் பிடித்து ஒரு சின்ன வீடியோ அனுப்பட்டும், நிரூபணமாகவும் இருக்கும், முகப்பிலேயே போட்டுவிடலாம் என்றார்.

போன் ஸ்பீக்கரில் இருந்தது. மதினி எட்டி அதை அணைத்தார், அந்தக் கையாலேயே.

"நஷ்டஈட்டுக்கு எத்தனை ஆபீஸ்ல தூக்கிக் காட்டியாச்சு தம்பி," என்றார். "அங்கன கை போயிருச்சுன்னு நிரூபிக்கச் சொன்னாக. இங்கன கை இருக்குன்னு நிரூபிக்கச் சொல்றாக. நான் யாருக்கும் காட்ட மாட்டேன்."

வீடியோ போகவில்லை. படத்தையாவது எடுத்துவிடுங்கள் என்று எழுதினேன். பலர் பகிர்ந்துவிட்டார்கள், இனி எடுக்க வழியில்லை என்று பதில் வந்தது. அந்தக் கண்காட்சியிலேயே அதிகம் பேர் பார்த்த படம் அதுதானாம். மதினியின் முழுப்பெயர் இன்றும் அங்கே அந்தச் சிரிப்புகளுக்கு மேலே இருக்கிறது.

அடுத்த வாரம் போயிருந்தபோது படம் எங்கே என்று கேட்டேன். மதினி அடுப்படி அலமாரியைக் காட்டினார். தாளைக் கவிழ்த்து அலமாரித் தட்டில் விரித்திருந்தார். மேலே மத்தாப்புப் பிள்ளை ஐந்து விரலோடு சிரித்துக்கொண்டிருந்தது. அதன் கையின்மேல் எண்ணெய்த் தூக்குவாளியை வைத்திருந்தார்.