துரோகிக்கு எந்த செக்ஷன்?

வக்கீல் ஆபீசுக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் தீர்ப்பை வீட்டிலேயே எழுதி முடித்துவிட்டு, அதற்குப் பொருத்தமாக ஒரு சட்டப் பிரிவு மட்டும் கேட்டு வருகிறார்கள். சித்திரை வெயிலில் கறுப்புக் கோட்டுக்குள் வெந்துகொண்டு, வாயில் வந்ததை விழுங்கிவிட்டு, "உட்காருங்க" என்று சொல்லிப் பழகிய என் இனத்தாருக்கு இது புதிதல்ல. இரண்டாயிரங்களின் நடுவில், விருத்தாசலத்தில் நான் தொழில் பார்த்த காலத்தில், ஊரே சேர்ந்து ஒரு மனிதருக்குப் பிரிவு தேடியது. பெயர்களை மாற்றிச் சொல்கிறேன்.

அந்த மனிதர் தங்கவேலு. பீங்கான் பொம்மை செய்யும் சிறு முதலாளிகள் சங்கத்தின் தலைவர். சீனாவுக்குப் போய் அங்கே ஒரு கம்பெனியோடு ஒப்பந்தம் போட்டுவிட்டு வந்தார். சங்கத்தில் ஒருவரிடமும் மூச்சு விடவில்லை. ஆனால் போட்டோ ஒன்று எப்படியோ அவருக்கு முன்னால் ஊருக்கு வந்து சேர்ந்துவிட்டது.

டீக்கடையில் போர்

கோர்ட்டுக்கு எதிரே டீ குடித்துக்கொண்டிருந்தபோது நாலு பேர் என் பக்கத்தில் வந்து நின்றார்கள். முன்னால் நின்றவர் பூவராகன், தொழிற்பேட்டையில் இரண்டு சூளை வைத்திருப்பவர். அவர்களுக்கு வேறு வக்கீல் இருந்தார். அவர் வரும்வரை என்னிடம் பேச்சுக் கொடுத்து, அந்தப் போட்டோவை நீட்டினார்கள். தங்கவேலு ஒரு சீனக்காரரோடு கை குலுக்குகிறார், பின்னால் சிவப்புக் கொடி. "இது தேசத் துரோகம்தானேங்க?" என்றார் பூவராகன்.

கடையில் இருந்த எல்லோரும் கேட்கும்படியே பதில் சொன்னேன். தண்டனைச் சட்டத்தில் அந்தப் பெயரில் தனிப் பிரிவு கிடையாது. நூற்று இருபத்தொன்று என்றால் அரசாங்கத்தை எதிர்த்துப் போர் தொடுத்திருக்க வேண்டும். நூற்று இருபத்துநாலு ஏ என்றால் அரசாங்கத்தின் மேல் வெறுப்பைக் கிளப்பியிருக்க வேண்டும். வெளிநாட்டுக்காரனோடு வியாபாரம் பேசுவது இரண்டிலும் அடங்காது. அடங்கும் என்றால் சென்னைத் துறைமுகத்தில் பாதிப் பேரை உள்ளே தள்ள வேண்டியிருக்கும்.

பூவராகன் குறுக்கே பேசாமல் கேட்டார். பிறகு கிளாஸைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார்: "சேதி தெரிஞ்சதும் யாவாரிங்க ஆர்டர நிறுத்திட்டாங்க, என் ரெண்டு சூளையும் அணைஞ்சி கெடக்குது. இது போரு இல்லன்னா வேற எதும்மா போரு?"

வக்காலத்து

அடுத்த வாரமே பஸ் ஸ்டாண்டு சுவரிலிருந்து பாலக்கரை வரைக்கும் போஸ்டர். 'தேசத் துரோகியே வெளியேறு.' தங்கவேலு தன் மனைவியோடு என் ஆபீசுக்கு வந்தார். வண்டியின் டயரை யாரோ கிழித்துவிட்டதால் ஆட்டோவில் வந்திருந்தார்கள். போலீசில் புகார் போயிருந்தது, விசாரணைக்குக் கூப்பிட்டிருந்தார்கள். கூட வர ஒரு வக்கீலும் தயாராக இல்லை. "சீனாக்காரன் எப்படியும் வரத்தான் போறான். வர்றவன் நம்ம சங்கத்து வழியா வரட்டும்னு நெனச்சேன்" என்றார். "பின்னே ஏன் சங்கத்துல சொல்லல?" என்று கேட்டேன். சட்டைப் பையிலிருந்த பேனாவைத் தடவிப் பார்த்துக்கொண்டார்.

எனக்கு அவர் மேல் இரக்கம் வரவில்லை, கோபம்தான் வந்தது. ஆனாலும் செய்யாத குற்றத்துக்கு ஒரு ஆளைத் தனியாகப் போலீஸ் ஸ்டேஷன் படியேற விட எனக்கு மனசில்லை. வக்காலத்துப் படிவத்தை எடுத்து வைத்தேன். அவர் பேனாவைத் திறக்கும்போது, அதுவரை வாய் திறக்காத அவர் மனைவி சொன்னார்: "அவரக் காப்பாத்துங்கன்னு கேக்க வரலைங்க. அங்க என்ன கையெழுத்துப் போட்டாருன்னு எனக்கே தெரியாது, அத எல்லாருக்கும் படிச்சிக் காட்டச் சொல்லுங்க."

அதையே என் நிபந்தனையாக வைத்தேன். சங்கக் கூட்டத்தில் ஒப்பந்தத்தைப் படித்தால்தான் நான் வருவேன். தலையாட்டிவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

எழுதாத தீர்மானம்

பூவராகன் தரப்பு வக்கீல் எனக்கு இருபது வருஷம் மூத்தவர். வக்கீல்கள் உட்காரும் அறைக்கு என்னை அழைத்து, ஊர் வயிற்றில் அடித்தவனுக்கு யாரும் ஆஜராகக் கூடாது என்று பேசி வைத்திருப்பதாகச் சொன்னார். அறையில் பத்துப் பேர் இருந்தார்கள். "எழுதிக் குடுங்க சார், ஃப்ரேம் போட்டு ஆபீஸ்ல மாட்டிக்கறேன்" என்றேன். ஒருவரும் பேனாவைத் தொடவில்லை. ஆனால் அந்த மாதம் கம்மாபுரத்திலிருந்து நிலம் எடுப்பு வழக்குக்காக வந்துகொண்டிருந்த மூன்று குடும்பத்தார் தங்கள் வழக்குக் கட்டைத் திரும்ப வாங்கிக்கொண்டு போனார்கள். அவர்களுக்காக ஒரு வருஷம் உழைத்திருந்தேன். வீட்டுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன், மறுநாள் கோட்டை மாட்டிக்கொண்டு கிளம்பினேன்.

வராந்தாவில் மூத்தவர் தனியாக அகப்பட்டார். "சார், இந்த கேஸ் நிக்குமா?" என்று நேராகவே கேட்டேன். அக்கம்பக்கம் பார்த்துவிட்டுச் சொன்னார்: "நிக்காதுன்னு எனக்கும் தெரியும்மா. தள்ளுபடி ஆனா ஜட்ஜ் மேல கோவப்படுவாங்க, நான் சொன்னா என் மேல கோவப்படுவாங்க."

மேஜை மேல் மண்

போலீஸ் வழக்குப் பதியவில்லை என்று நேராகக் கோர்ட்டில் புகார் போட்டார்கள். அந்தக் கட்டத்தில் எதிர்த்தரப்புக்குப் பேச உரிமை இல்லை. உட்கார்ந்திருப்பதை யாரும் தடுக்க முடியாது என்பதால் முன்வரிசையில் போய் உட்கார்ந்தேன். கோர்ட் ஹால் நிரம்பியிருந்தது. பின்னாலிருந்து "அவளும் துரோகிதான்" என்று ஒரு குரல். திரும்பி, பேசியவர் கண்ணைத் தாழ்த்தும்வரை பார்த்தேன்.

மாஜிஸ்திரேட் ஒரே கேள்விதான் கேட்டார். இந்தப் பிரிவுகளில் புகாரை எடுக்க அரசாங்க அனுமதி வேண்டும், அது எங்கே? மூத்தவர் கட்டைப் புரட்டினார். அனுமதி இருந்தால்தானே கிடைக்கும். பூவராகனுக்குப் பொறுக்கவில்லை. கொண்டுவந்திருந்த பையை அவிழ்த்து, பொம்மைக்குப் போடும் வெள்ளை மண்ணைக் கிளார்க் மேஜையில் கொட்டினார். "எங்க மண்ணோட பக்குவத்த அந்நியனுக்குக் காட்டிக் குடுத்துட்டாரு அய்யா" என்றார். எனக்கே அவரைப் பார்க்கச் சங்கடமாக இருந்தது. புகார் தள்ளுபடி. மீசையெல்லாம் வெள்ளையாகிப்போன கிளார்க், மேஜையைத் துடைத்துக்கொண்டே பூவராகனிடம் மெதுவாகச் சொன்னார்: "அடுத்த வாட்டி டப்பாவுல கொண்டாங்க, மேல ஃபேன் ஓடுது."

ஜன்னலுக்கு வெளியே

தள்ளுபடி ஆனதும் தங்கவேலுவின் நடையே மாறிவிட்டது. "அதான் கோர்ட்டே சொல்லிடுச்சே, இனிமே எதுக்குப் படிக்கணும்?" என்றார். "நீங்க போர் தொடுக்கலன்னுதான் சொல்லியிருக்கு. நீங்க போட்ட கையெழுத்து சரின்னு சொல்லல. போலீஸ்ல குடுத்த புகார் இன்னும் அப்படியே இருக்குது. படிக்க மாட்டேன்னா அதுக்கு வேற வக்கீலப் பாத்துக்கங்க" என்றேன். முறைத்துக்கொண்டு போனவர், ஞாயிற்றுக்கிழமை சங்கக் கூட்டத்துக்கு ஒப்பந்தத்தோடு வந்து நின்றார்.

இங்கிலீஷில் இருந்ததை அவர் படிக்கப் படிக்க நான் தமிழில் சொன்னேன். ஐந்தாவது ஷரத்தில் அவர் குரல் இறங்கியது. பொம்மைகள் வர்ணம் தீட்டி, கண் எழுதி, முழுசாக அங்கிருந்தே வரும். பெட்டியில் மட்டும் விருத்தாசலம் என்று அச்சடித்து விற்கலாம். ஜன்னலுக்கு வெளியே பொம்மைக்கு வர்ணம் தீட்டும் பெண்கள் நின்றிருந்தார்கள். உறுப்பினர்கள் இல்லை என்று அவர்களை உள்ளே விடவில்லை. அவர்களில் செல்வி என்பவர் கம்பியைப் பிடித்துக்கொண்டு கேட்டார்: "தொரோகமா இல்லையான்னுலாம் எனக்குத் தெரியாதுங்க. கண்ணு எழுதியே வர்ற பொம்மையில நாங்க எத எழுதறது?"

தங்கவேலு நிமிர்ந்து அவரைப் பார்க்கவில்லை. கை தூக்கச் சொன்னார்கள். தலைவர் பதவி போனது. செயற்குழுத் தீர்மானம் இல்லாமல் சங்கத்தின் பேரில் போட்ட கையெழுத்து சங்கத்தைக் கட்டுப்படுத்தாது என்று சீனக் கம்பெனிக்கு அங்கேயே கடிதம் தயாரானது. எழுதிக் கொடுத்தவள் நான், முதல் கையெழுத்து தங்கவேலுவுடையது. வெளியே வரும்போது பூவராகன் என் பக்கத்தில் நடந்து வந்தார். கோபம் தீரவில்லை, ஆனால் தோள் கொஞ்சம் இறங்கியிருந்தது. "கைய தூக்கினாலே ஆள எறக்கிடலாம்னு மொத நாளே டீக்கடையில சொல்லியிருக்கக் கூடாதாம்மா?"

அதற்குப் பிறகு யார் வந்து 'துரோகி' என்று ஆரம்பித்தாலும், முதலில் ஒரு டீ சொல்லிவிட்டு, எந்தக் காகிதத்தில் என்ன கையெழுத்து என்று கேட்கிறேன்; பாதிப் பேர் டீயைக் குடித்துவிட்டு வேறு வக்கீலிடம் போய்விடுகிறார்கள்.