இடப்பக்கம் எந்தப் பக்கம்

எனக்குப் படம் நன்றாக வரும். அந்த நம்பிக்கையில்தான் பதினொன்றாம் வகுப்பில் உயிரியலை விட்டுவிட்டு இன்ஜினியரிங் டிராயிங் எடுத்தேன். ஐசோமெட்ரிக் பாடம் வந்ததும் அந்த நம்பிக்கை போயிற்று.

ஒரு மரக்கட்டையை முன்னாலிருந்து, மேலிருந்து, பக்கத்திலிருந்து பார்த்தால் எப்படித் தெரியும் என்று மூன்று படம் கொடுப்பார்கள். மூன்றையும் வைத்து முழுக்கட்டையை முப்பது டிகிரி சாய்வில் வரைய வேண்டும். நான் வரைந்தால் கோடெல்லாம் சுத்தமாக இருக்கும். கட்டைதான் தப்பாக இருக்கும்.

"ஏம்மா, கண்ணாடியில பாத்து வரைஞ்சியா?" என்று சார் கேட்டார். வகுப்பே சிரித்தது. ஷீட்டின் குறுக்கே சிவப்புக் கோடு போட்டு, "மறுபடி" என்றார். எங்கே தப்பு என்று சொல்லவில்லை.

மறுபடி வரைந்தேன். மறுபடியும் சிவப்புக் கோடு. டிராயிங் போர்டைச் சுமந்துகொண்டு அரியாங்குப்பம் பஸ்ஸில் ஏறினால் கண்டக்டர் வேறு, "பலகைக்கும் ஒரு டிக்கெட் எடு" என்பார். பாலம் தாண்டும்வரை அழுகையை அடக்கிக்கொண்டு நிற்பேன்.

ஒருநாள் புது சோப்பை எடுத்து, கேள்வியில் இருந்த வடிவத்தில் கத்தியால் செதுக்கிப் பார்த்தேன். அம்மா பார்த்துவிட்டாள்.

"குளிக்கிற சோப்ப ஏன்டி இப்புடி அறுத்து வச்சிருக்க?"

"படிக்கிறேம்மா."

"இதுவா படிப்பு?"

சோப்பைப் பார்த்துதான் வரைந்தேன். அதுவும் தப்பு என்றார் சார். சோப்பையே தப்பாகச் செதுக்கியிருக்கிறேன் என்று எனக்கு எப்படித் தெரியும்?

பக்கத்தில் உட்காரும் வைத்திக்குப்பத்துத் தோழிதான் கடைசியில் என் ஷீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"கேள்வியில வலது பக்கம் போட்டிருக்கிற படம் எந்தப் பக்கத்துலேர்ந்து பாத்தது?"

"வலது பக்கத்துலேர்ந்து."

"இல்லடி. இடது பக்கத்துலேர்ந்து பாத்தத வலது பக்கம் போடுவாங்க. அதான் முறையாம். எங்க அண்ணன் சொல்லிச்சு."

இவ்வளவுதானா! இதற்காகவா இத்தனை ஷீட்டைக் கிழித்தேன்? அங்கேயே உட்கார்ந்து வரைந்து கொண்டுபோய் நீட்டினேன். சார் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

"இப்ப வருதுல்ல? மொதல்லயே கவனிச்சிருந்தா வந்திருக்கும்."

எனக்குச் சுர்ரென்று ஏறியது. "இடது பக்கப் படத்த வலது பக்கம் போடுவாங்கன்னு நீங்க சொல்லவே இல்லையே சார்."

அவர் முகம் மாறியது. "புக்குல இருக்கு," என்றார்.

போய்ப் பார்த்தேன். இருந்தது, ஒரே ஒரு வரி, படத்துக்குக் கீழே பொடி எழுத்தில்.

மறுநாள் அவர் சாக்பீஸ் டப்பாவை மேசைமேல் வைத்து, இடப்பக்கம் நின்று பார்த்தால் எது தெரியும், அதைப் போர்டில் எங்கே வரைய வேண்டும் என்று நிதானமாக விளக்கினார். அருமையாகத்தான் விளக்கினார். பின் பெஞ்சில், என்னைப் பார்த்துச் சிரித்தவர்கள் எல்லாம் தலையைக் குனிந்து ரப்பரால் தேய்க்க ஆரம்பித்தார்கள். அவர்கள் ஷீட் அதுவரை திருத்தப்படவே இல்லை.

எனக்குச் சந்தோஷம் வரவில்லை. எரிச்சல்தான் வந்தது. இதை முதல் நாளே செய்திருக்கலாமே சார் என்று கேட்க வாயெடுத்தேன். தோழி மேசைக்கு அடியில் என் காலை மிதித்தாள். பென்சிலைச் சீவிக்கொண்டு அடுத்த கேள்விக்குப் போனேன். அதில் கட்டையின் நடுவே வட்டமாக ஒரு துளை இருந்தது. சாய்வில் வட்டத்தை எப்படி வரைவது என்று சார் இன்னும் சொல்லித் தரவில்லை.