சுருளின் புகையும் குளவிக்கூடும்

மார்ச் 11, செவ்வாய். ஈப்போ. அக்கா இறந்து பதினேழாம் நாள். காலை எட்டு மணிக்கு அவள் வீட்டுக் கூரை விளிம்பில் குளவிக்கூடு காணப்பட்டது. இங்கே கூட்டை அகற்றுவது தீயணைப்பினர்தான்; நிலையத்துக்குத் தெரிவிக்கப்பட்டது. மாலையில் வருவதாகச் சொன்னார்கள்.

அக்கா மகள் செல்வியால் அதுவரை பொறுக்க முடியவில்லை. கொசுவர்த்திச் சுருளைப் பற்றவைத்தாள். புகை நாசியில் ஏறியதும் நான் எழுந்துவிட்டேன்.

“உட்காருங்க மாமா. காலையிலேருந்து நடந்துகிட்டே இருக்கீங்க லா.”

ரப்பர் தோட்டத்தில் உளியால் பால்வெட்டும்போது அக்காவின் இடுப்பில் இப்படியொரு சுருள் புகைந்துகொண்டிருக்கும். ஒரு பள்ளி விடுமுறையில் உடன் போன நான், கொசுவை விரட்டும் புகை குளவியையும் விரட்டும் என்றெண்ணி, அதை வாங்கிப் பால்மரக் கிளையில் தொங்கிய குளவிக்கூட்டுக்கடியில் பிடித்தேன். குளவிகள் கிளம்பிவந்தன. அக்கா என்னைக் கீழே தள்ளி மேலே கவிழ்ந்துகொண்டாள். குளவிகள் அவளைக் கொட்டிய இடங்களில் பாலில் கலக்கும் அமோனியாவைத் தடவினார்கள், அவள் கத்தவில்லை. கொட்டுப்பட்ட இடக்கண்ணின் பார்வை திரும்பவே இல்லை.

“என் உளிதான்பா கூட்டுல பட்டுச்சு,” என்று அப்பாவிடம் சொன்னாள். நான் மறுக்கவில்லை.

செல்வி சுருளைக் கம்பில் கட்டினாள். “அம்மா அவசரக்காரி லா. பார்த்து வெட்டியிருந்தா கண்ணு போயிருக்குமா?”

“அதை அணைச்சிடும்மா. புகை பட்டா கிளம்பிவந்து கொட்டும்.”

“உங்களுக்கு எப்படித் தெரியும், மாமா?”

செய்யாமல் விட்டவை:
கூட்டை அகற்றுதல் (தீயணைப்பினர் வரவில்லை).
அக்காவின் அலமாரியைக் காலிசெய்தல்.
செல்விக்குப் பதில் சொல்லுதல்.